நம்ப், ஸூத், ஈஸ், ரிலீவ்: எல்லாம் ஒண்ணுதானுங்களா?

கண்ணு, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். ஓஇடிக்கு, அதான் வெளிநாடு போற நர்சு டாக்டருங்க எழுதற இங்கிலீஷ் பரீட்சைக்கு, படிச்சிட்டிருக்கீங்க, மாதிரி லெட்டர்ல பேஷண்டோட வலிய “நம்ப்” பண்றதுக்கு பாராசிட்டமால் குடுத்தோம்னு எழுதிருக்கீங்க, சொல்லித்தர்றவரு செவப்பு மையில சுழிச்சு வெச்சுட்டாரு, ஏன்னு சொல்லல. டிக்ஷனரிய தொறந்தா நம்ப், டெட்டன், டல், ஸூத், ஈஸ், ரிலீவ், அலீவியேட், அஸ்வேஜ், மிட்டிகேட், பேலியேட்னு வரிசையா நிக்குது, எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம் போட்டிருக்குது, அப்பறம் எத எழுதுனா என்னங்கன்னு கேக்கறீங்க. மேலால பாத்தா ஒத்தப்பொருள் லிஸ்ட் கேட்ட மாதிரி இருக்குது, ஆனா லிஸ்ட்தான் உங்க கையிலயே இருக்குதே. எந்த வார்த்தை எதுல போய் ஒட்டும், எதுல ஒட்டாதுங்கறதுதான் நீங்க கேக்கறது. அதுக்கு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

நான் மொழி படிச்சவ இல்லீங்க, நர்சு. ஊரு பெருந்துறைக்கு பக்கம். கோயமுத்தூர்ல ஆபரேஷன் தியேட்டர்ல 14 வருஷம், அப்பறம் இங்கிலாந்துல 9 வருஷம், அதுல கடைசி 5 வருஷம் வலிக்குன்னே தனியா இருக்கற டீம்ல. இப்ப ஊட்டோட வந்து, வெளிநாடு போற புள்ளைங்களுக்கு சாயங்காலம் சொல்லித்தர்றேன். அதனால கீழ நான் சொல்றதுல வார்த்தையோட பொறப்பு வளப்பெல்லாம் டிக்ஷனரியில படிச்சது, வார்டுல நடந்ததெல்லாம் கண்ணால பாத்தது, “இது எழுதலாம் இது வேண்டாம்”ங்கறது பாதி வழக்கம் பாதி என்ற அபிப்ராயம். எது எதுன்னு அங்கங்க சொல்லிட்டே வர்றேன்.

ஈரோட்டு மஞ்ச சந்தை பாத்திருக்கீங்களா, விரலி தனியா கெழங்கு தனியாத்தான் குமிச்சு வெச்சிருப்பாங்க, வெலையும் வேற வேற. ரெண்டும் மஞ்சதானேன்னு ஒரே சாக்குல கொட்டிக்கொண்டு போனா யாவாரி கைய விட்டுப் பாத்துட்டு அப்படியே போயிருவாரு. ஒத்தப்பொருள் லிஸ்ட்டுங்கறது அந்த மாதிரி ஒரே சாக்குல கொட்டுன மஞ்ச. நான் புள்ளைங்களுக்கு அத மூணா பிரிச்சுத்தான் சொல்றது. சில வார்த்தை ஒடம்புல இருக்கற எடத்தத் தொடும், சிலது வலியத் தொடும், சிலது ஆளத் தொடும். இந்தப் பிரிவு எந்த இலக்கணப் புஸ்தகத்துலயும் இருந்து எடுத்தது இல்ல, நானா வேலை பாத்துப் பாத்து வெச்சுக்கிட்டது. மெல்ஸாக்னு கனடாக்காரர் ஒருத்தரு 1975ல, வலி எப்படி இருக்குதுன்னு சொல்ற வார்த்தைங்கள 78 எடுத்து 20 கூட்டமா பிரிச்சு ஒரு கேள்வித்தாள் பண்ணுனாரு, இன்னைக்கும் பெயின் கிளினிக்ல அது இருக்குது. குத்தறது ஒரு கூட்டம், எரியறது ஒரு கூட்டம், சலிச்சுப்போறது ஒரு கூட்டம். வலிய சொல்றதுக்கே அத்தனை பிரிவுன்னா, வலிய கொறைக்கறதுக்கு மூணாவது இருக்க வேண்டாமான்னு எனக்கு தோணுனது அதப் பாத்துத்தான்.

மொதல்ல உங்கள மாட்டிவிட்ட நம்ப். எழுத்துல கடைசில ஒரு “பி” இருக்குது, வாயில வராதுங்க, “நம்”னு நிறுத்திக்கணும், நம்பிங் இல்ல நம்மிங். கட்டைவெரலுக்கு தம், சீப்புக்கு கோம், ஆட்டுக்குட்டிக்கு லேம், எல்லாம் அதே சாதிதான். (இங்க எல்லாருக்கும் பழகுன மாதிரி நம்ப்னே எழுதறேன்.) பழைய இங்கிலீஷ்ல எடுத்துக்கறது, புடிச்சுக்கறதுங்கறதுக்கு ஒரு வினை இருந்துச்சு, நிமன்னு, அதுல இருந்து வந்த “எடுத்துக்கப்பட்டது”ங்கற உருவம்தான் இது, அந்த பி பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. அதாவது உணர்ச்சிய எதுவோ புடுங்கிட்டுப் போயிருச்சு. நம்மளுது வேற மாதிரி, மரத்துப் போச்சுங்கறோம், மரமா ஆயிருச்சு. ரெண்டு பேரும் சொல்ல வர்றது ஒடம்புல ஒரு எடத்தப் பத்தி. வெரலு, ஈறு, தோலு, காலு. பல்லு டாக்டரு ஊசி போடறதுக்கு முன்னாடி அந்த எடத்த நம்ப் பண்ணிர்றேம்பாரு, புள்ளைங்களுக்கு ஊசி குத்தறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கைமேல தடவி ஒட்டி வெக்கற க்ரீம நம்மிங் க்ரீம்பாங்க, கொழந்தைங்க கிட்ட மட்டும் அதுக்கு மேஜிக் க்ரீம்னு பேரு.

அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு செவப்பு மை ஏன்னு புரிஞ்சிரும். லிக்னோகைன்னு நம்ம தியேட்டர்ல சொல்றோமே, இங்கிலாந்துல இப்ப லிடோகைன்னுதான் எழுதணும், ஸ்வீடன்ல லாஃப்கிரென்ங்கறவரு 1943ல பண்ணுனது. நரம்புல சோடியம் உள்ள போற வாசல அது அடைச்சிரும், வாசல் அடைச்சா சேதி மூளைக்கு போகாது, அந்த எடத்துல கிள்ளுனாலும் தெரியாது. பாராசிட்டமால் அந்த மாதிரி ஒரு எடத்தோட உணர்ச்சிய மொத்தமா அடைக்கறதில்ல. பாராசிட்டமால் போட்டுட்டு கையக் கிள்ளிப் பாருங்க, நல்லாத் தெரியும். வலி கொறையும், எடம் மரத்துப் போகாது. அதனால பாராசிட்டமால் நம்ப் பண்ணுச்சுன்னு எழுதறது, உப்பு ஒத்தடம் குடுத்து ஒடஞ்ச எலும்ப ஒட்ட வெச்சேங்கற மாதிரி. இங்கிலீஷ்காரங்க “வலிய நம்ப்” பண்றதுன்னு சொல்லவே மாட்டாங்களான்னா சொல்லுவாங்க, ஆனா எச்சா மனசு வலிக்குத்தான், பொண்டாட்டி செத்த துக்கத்த குடிச்சு மரக்கடிச்சுக்கிட்டாருங்கற மாதிரி எடத்துல. லெட்டர்ல அது வந்தா டாக்டரு புருவத்தத் தூக்குவாரு.

நம்ப்ல இன்னொரு வம்பும் இருக்குது, நர்சுக்கு அதுதான் முக்கியம். அது வைத்தியமாவும் வரும், சீக்காவும் வரும். பவானி பக்கத்துல இருந்து ஒரு பெரியவரு வருவாரு, 20 வருஷமா சர்க்கரை, கரும்புத் தோட்டம். ஒரு தடவ குதிங்கால்ல உள்ளங்கை அகலத்துக்கு புண்ணோட வந்தாரு, செருப்புல ஆணி ஒண்ணு மேல ஏறிக்கிட்டு இருந்திருக்குது, அது குத்தக் குத்த நாலு நாளு காட்டுக்குப் போயி வந்திருக்காரு. “வலியே இல்லீங்க சிஸ்டரு, பின்ன என்னத்துக்கு இத்தனை பெரிய கட்டு”ங்கறாரு. வலி இல்லைங்கறதுதான் அங்க சீக்கே. அவரோட லெட்டர்ல ரெண்டு பாதமும் நம்ப்னு எழுதுனா அது எச்சரிக்கை, வலி தீந்துபோச்சுன்னு அர்த்தமில்ல. அதே மாதிரி இடுப்பு வலியோட வந்தவங்க, சைக்கிள் சீட்டு படற எடம் மரத்துப் போச்சு, ஒண்ணுக்கு வர்றது தெரியலன்னு சொன்னா, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், தண்டுவடத்துக்கு கீழ இருக்கற நரம்புக் கத்தை நசுங்கிட்டிருக்கலாம். அதனால ஒரே லெட்டர்ல ஒரு எடத்துல நம்ப்ன்னா ஆபத்து, இன்னொரு எடத்துல நம்ப்ன்னா நிவாரணம்னு எழுதுனா படிக்கறவங்க என்ன பண்ணுவாங்க?

இதுல நானே மண்ணக் கவ்வுனது ஒண்ணு சொல்றேன். இங்கிலாந்து போன மொத வருஷம், வேற வார்டுல ஒரு தமிழ் பாட்டிம்மா, பேச ஆளில்லன்னு என்ன கூப்புட்டாங்க. “காலு ரெண்டும் மரத்துப் போச்சு கண்ணு”ன்னாங்க. நான் அப்படியே நம்ப்னு சொல்லிட்டேன். சின்ன டாக்டரு ஒருத்தரு ஊசிமுனை, பஞ்சு, சில்லுனு இருக்கற கம்பியெல்லாம் எடுத்துட்டு வந்து அரை மணி நேரம் அடி பாதத்துல இருந்து தொடை வரைக்கும் சோதிக்கறாரு, அந்தம்மா எல்லாத்தையும் கரெக்ட்டா சொல்லுது, குத்துது, குத்தல, குளுருது. அப்பறம் நான் ஒக்காந்து பேசிப் பாத்தாத்தான், நடந்தா காலு இரும்பாட்டம் கனக்குதுங்கறதத்தான் அவுங்க மரத்துப் போச்சுன்னிருக்காங்க. கனக்குதுன்னா ஹெவி, சுரணை இல்லைன்னா நம்ப், எறும்பு ஊர்ற மாதிரி மதமதங்குதுன்னா டிங்லிங். நம்மாளுங்க மூணுக்கும் மரத்துப் போச்சுன்னு ஒரே வார்த்தைய போட்டுருவாங்க. கேக்காம எழுதிராதீங்க, “தொட்டாத் தெரியுதுங்களா, கிள்ளுனாத் தெரியுதுங்களா”ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

நம்ப்போட பெரிய அண்ணன் அனஸ்தடைஸ். 1846 அக்டோபர் 16ந்தேதி பாஸ்டன்ல மசாச்சுசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில மார்ட்டன்ங்கற பல்லு டாக்டரு ஈத்தர் குடுத்து ஆபரேஷன் பண்ண வெச்சாரே, அதுக்கு அடுத்த மாசம் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் அவருக்கு லெட்டர் போட்டு இதுக்கு அனஸ்தீசியான்னு பேரு வெக்கலாம்னு சொன்னாரு. கிரேக்கத்துல “அன்”ன்னா இல்லாத, பின்னாடி வர்றது உணர்ச்சி. உணர்ச்சி இல்லாமப் பண்றது. அனல்ஜீசியாங்கறது வேற, அதுல பின்னாடி இருக்கறது வலி. வலி மட்டும் இல்லாமப் பண்றது. ஒரு எழுத்து தள்ளி ஒரு எழுத்து மாதிரி இருக்கும், ஆனா தியேட்டர்ல நிக்கறவங்களுக்கு ரெண்டும் பகலும் ராத்திரியும். சிசேரியனுக்கு முதுகுல ஊசி போடறோம்ல, ஜெர்மனியில பியர்ங்கற டாக்டரு 1898ல ஆரம்பிச்சு வெச்ச வித்தை அது, அந்த ஊசியில மொதல்ல போறது குளிரும் வலியும், தொடற உணர்ச்சி கடைசி வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனாலதான் மயக்க டாக்டரு சில்லுனு ஒரு ஸ்ப்ரே அடிச்சு குளுருதாம்மான்னு கேக்கறது. எது வரைக்கும் மரத்திருக்குதுன்னு பாத்துட்டுத்தான் கத்திய வெக்கறது. ஆனா வயித்துக்குள்ள கைய விட்டு இழுக்கறதும் அமுக்கறதும் அந்தம்மாவுக்குத் தெரியும். இத முன்னாடியே சொல்லலன்னா “அய்யோ எனக்குத் தெரியுது, மருந்து ஏறல”ன்னு பயந்துருவாங்க. இங்க நாங்க “தொடறது தெரியும் அம்மிணி, இழுக்கறது தெரியும், வலி தெரியாது”ன்னு சொல்லுவோம். அங்க அந்த இழுக்கறதுக்கு டக்கிங்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, வயித்துக்குள்ள யாரோ பாத்திரம் கழுவற மாதிரி இருக்கும்னும் சொல்லுவாங்க, கேக்க சிரிப்பா இருந்தாலும் அதவிடப் பொருத்தமா நான் கேட்டதில்ல.

இந்த எடத்துல ஒரு சின்ன சுத்து. நார்காட்டிக்னு போலீஸ்காரங்க சொல்ற வார்த்தையும் இதே குடும்பந்தான், கிரேக்கத்துல நார்க்கேன்னா மரத்துப்போறது, கரண்ட் அடிக்கற திருக்கை மீனுக்கும் அதே பேருதான். லத்தீன்ல அந்த மீனு டார்பீடோ, அதுவும் மரத்துப்போறதுங்கற வினையில இருந்து வந்ததுதான், பின்னாடி கப்பல் வெடிக்க விடற குண்டுக்கு அந்தப் பேரு போயிருச்சு. ரோமாபுரியில ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ்ங்கற வைத்தியரு, கவுட்டுங்கற மூட்டு வலி வந்தவங்கள கடலோரமா அந்த மீனு மேல கால வெச்சு நிக்கச் சொன்னாரு, முட்டி வரைக்கும் மரத்துப் போற வரைக்கும் நிக்கணும். இப்ப பிசியோதெரபியில ஒட்டி வெச்சு கரண்டு குடுக்கறாங்களே, அதுக்கு கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்து தாத்தா.

சரி, அடுத்தது வலியத் தொடற வார்த்தைங்க. உங்க லெட்டருக்கு வேணுங்கறது இந்தக் கூட்டந்தான். டல், பிளன்ட் ரெண்டும் மழுங்குன கத்திக்கும் சொல்ற வார்த்தை. வலிய ஒரு கூரான சாமானமா நெனச்சுக்கிட்டு அதோட மொனைய மழுங்க வெக்கறது. வலி இருக்கும், ஆனா மொண்ணையா இருக்கும், நம்ம மொண்ணை அருவா மாதிரி. பேச்சுல இதையே ஓரத்த எடுத்து விட்டுச்சும்பாங்க. ஆனா பெயின்ங்கற சொல்லுக்கு முன்னாடி டல்னு போட்டா அது வேற, நம்மாளுங்க ஒளைச்சல், கடுப்புங்கறாங்களே அது, மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பாராசிட்டமால் போட்டதுக்கப்பறம் பேஷண்டுக்கு டல் பெயின்னு எழுதுனா கொறஞ்சுதா புதுசா வந்துச்சான்னு கொழப்பம், ஜாக்கிரதை.

ஈஸ்ங்கறது எளிமையான வார்த்தை, தானாவும் நடக்கும் பண்ணியும் வெக்கலாம். வலி ஈஸ் ஆச்சு, மாத்திரை வலிய ஈஸ் பண்ணுச்சு, ரெண்டும் சரி. ரிலீவ், அலீவியேட் ரெண்டுக்கும் வேரு ஒண்ணுதான், லத்தீன்ல லெவிஸ்ன்னா லேசு, கனமில்லாதது. சொமைய எறக்கி வெக்கறது. அலீவியேட் கொஞ்சம் மீசை முறுக்குன வார்த்தை, எழுத்துல வரும், பேச்சுல கம்மி, அது தானா நடக்காது, ஒண்ணு இன்னொண்ண பண்ணணும். “வலி அலீவியேட் ஆச்சு”ன்னு தனியா எழுதக் கூடாது. இதெல்லாம் உறுதியா சொல்றேன். ஈஸ்க்கும் ரிலீவ்க்கும் நடுவுல எத்தனை தூரம்னு கேட்டா அதுக்கு என்ற பதில் கொஞ்சம் வழவழதான். என்ற காதுக்கு ஈஸ்ன்னா கொறஞ்சுது, ரிலீவ்ன்னா பெரும்பாலும் போயிருச்சு. ஆனா பார்ஷியல் ரிலீஃப்னு அவுங்களே எழுதறாங்க, அப்ப முழுசா போகணும்னு கட்டாயமில்ல. ரெண்டு இங்கிலீஷ்காரங்கள நிக்க வெச்சு கேட்டா ரெண்டு மாதிரி சொல்லுவாங்க, நானே கேட்டுப் பாத்திருக்கேன்.

அதனால வார்த்தைய நம்பாம அளவ எழுதுங்க. நம்ம ஊரு பேஷண்டுகிட்ட சைபர்ல இருந்து பத்துக்குள்ள எத்தனைன்னு கேட்டா முழிப்பாங்க, இல்லாட்டி எல்லாத்துக்கும் பத்துன்னுருவாங்க. “ரூவாய்க்கு எத்தனை கொறஞ்சிருக்குதுங்க”ன்னு கேட்டுப் பாருங்க, “எட்டணா கொறஞ்சிருக்குது”, “முக்கா ரூவா சரியாப் போச்சுங்க, நாலணாதான் பாக்கி”ன்னு பட்டுன்னு வரும். கணக்கு அவுங்க கையிலயே இருக்குது. எட்டணான்னா வலி பாதியாக் கொறஞ்சுதுன்னு எழுதிக்குங்க.

ரிலீவ்ல நம்ம ஊரு வழக்கத்தால ஒரு வழுக்கல் இருக்குது. நமக்கு ரிலீவ்ன்னா ரிலீவிங் ஆர்டரு, வேலைய விட்டு நிக்கறது. அவுங்க பேச்சுல தன்ன ரிலீவ் பண்ணிக்கறதுன்னா ஒண்ணுக்குப் போறது. “பேஷண்ட் ரிலீவ்டு”ன்னு மொட்டையா நிறுத்துனா நிம்மதியானாரா, வலி போச்சா, பாத்ரூம் போனாரான்னு தெரியாது. எது ரிலீவ் ஆச்சுங்கறத கண்டிப்பா சேத்து எழுதுங்க.

மூணாவது ஆளத் தொடற வார்த்தைங்க. அதுல ராணி ஸூத். (நம்ம ஊருல நாலு பேரு முன்னாடி சத்தமா சொல்ல கொஞ்சம் கூச்சமான வார்த்தைதான், கடைசில “த்”த இழுத்து அதிர வெச்சா தப்பிச்சுக்கலாம்.) இதோட கதைதான் எனக்கு இந்த லிஸ்ட்லயே பிடிச்சது. பழைய இங்கிலீஷ்ல இதுக்கு வேரா இருக்கற சொல்லுக்கு அர்த்தம் உண்மை. குறி சொல்றவங்கள சூத்சேயர்ங்கறதும் அதனாலதான். மொதல்ல ஸூத் பண்றதுன்னா ஒண்ண உண்மைன்னு காட்டறது, அப்பறம் ஒருத்தரு சொல்றத ஆமா ஆமான்னு ஒத்துக்கறது, அப்பறம் ஆமான்னு ஒத்துக்கிட்டு அவுங்கள சமாதானப்படுத்தறது, கடைசில சும்மா சமாதானப்படுத்தறதுன்னு ஆயிருச்சு. விழுந்து முட்டி பேந்துக்கிட்டு வர்ற கொழந்தைய நம்ம ஆத்தாமாருங்க “ஆமாஞ்சாமி, வலிக்குதா சாமி, ஆமா வலிக்குந்தான்”னு ஊதி விடுவாங்களே, அந்த வார்த்தைக்குள்ள இருக்கறதும் அதுதான். “ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, வலிக்காது”ன்னு சொன்னா கொழந்தை எச்சாத்தான் கத்தும், அத ஊசி போடற எந்த நர்சு கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

ஸூத்துக்கு தமிழ்ல கிட்டக்க வர்றது ஆத்தறது. காப்பிய ஆத்தறோம், புண்ணு ஆறுது, பசியாறுறோம், எழவு ஊட்டுல ஆறுதல் சொல்றோம், எல்லாத்துக்கும் ஒரே வேரு. ஸூத்தும் அப்படித்தான் கொழந்தை, மனசு, தொண்டை, எரியற தோலுன்னு சூடா கெடக்கறதுல எல்லாம் ஒட்டும். ஒடஞ்ச எலும்புல ஒட்டாது. ஃப்ராக்சர் வலிய ஸூத் பண்ணுனோம்னு எழுதுனா தாலாட்டுப் பாடுன மாதிரி இருக்கும்.

அப்ப தைலம் எதுல சேரும்னு நீங்க கேட்டிருக்கற ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். அமிர்தாஞ்சனம், 1893ல நாகேஸ்வர ராவ் பம்பாயில ஆரம்பிச்சது, அப்பறம் ஊட்டி கடைங்கள்ல விக்கற யூகலிப்டஸ் தைலம், விண்டர்கிரீன் தைலம், இதெல்லாம் பெரும்பாலும் ஸூத்தான், நம்ப் இல்ல. மெந்தால் பட்டா அந்த எடம் நெசமாலுமே குளுந்து போறதில்ல, குளிரு வந்தா அடிக்கற மணிய அது போய் அடிச்சு விடுது, நரம்பு “சில்லுங்குது”ன்னு சேதி அனுப்புது. மொளகா காரம் படும்போது சூடு மணி அடிக்கற மாதிரி. இந்த மணிங்களக் கண்டுபுடிச்ச வேலைக்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசுல பங்கு வந்துச்சு. தேச்சு விடறதும் அதுல ஒரு பங்கு, இடிச்சுக்கிட்டா தன்னால கை அங்க போய் தேய்க்குதில்ல, தொடற சேதி உள்ள போனா வலி சேதிக்கு வழி சுருங்கும்னு மெல்ஸாக்கும் வால்ங்கறவரும் 1965ல சொன்னாங்க, வழிய அடைக்கற கதவுங்கற அந்தக் கொள்கை விவரத்துல பின்னாடி நெறைய மாறிருச்சு, மூலக் கருத்து நிக்குது. ஆனா பல்லு வலிக்கு வெக்கற கிராம்பு எண்ணெய் வேற. அதுல இருக்கற யூஜினால் நெசமாவே மரக்கடிக்கும், அதுக்கு நம்ப்னு தாராளமா எழுதலாம். தைலத்துக்கு பாம்ங்கற இங்கிலீஷ் வார்த்தைய மட்டும் ஏர்ப்போர்ட்டு க்யூவுல சத்தமா சொல்லாதீங்க.

ஒத்தடத்துக்கு நம்ம நர்சிங் காலேஜுல ஹாட் ஃபொமெண்டேஷன்னு சொல்லிக் குடுத்தாங்க, இங்க எல்லா ஆஸ்பத்திரி சார்ட்லயும் இருக்கும். அங்க அது பாட்டன் காலத்து வார்த்தை, வார்ம் கம்ப்ரெஸ், ஹீட் பேக்னு எழுதுங்க. அதுவுமில்லாம ஃபொமெண்ட்னு வினையாப் போட்டா இப்ப அவுங்களுக்கு கலகத்த மூட்டி விடறதுன்னுதான் தோணும். வேரு சூடு பண்றதுதான், சூடு ஊருக்குள்ள போயிருச்சு.

மிச்சம் இருக்கறத வேகமா சொல்லிர்றேன். மிட்டிகேட் ஆபத்துக்கும் பாதிப்புக்கும் தண்டனைக்கும் வரும், வலிக்கு லெட்டர்ல வேண்டாம். அஸ்வேஜ் பசிக்கும் குத்த உணர்ச்சிக்கும், அலே பயத்துக்கு, மாலிஃபை கோவிச்சுக்கிட்ட மாமனாருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி பயந்தவங்க கிட்ட பேசி பயத்த அலே பண்ணுனோம்னு எழுதலாம், நல்லாவே இருக்கும். அனோடைன்ங்கறது ஒரு காலத்துல வலி மருந்து, இப்ப யாரையும் நோகடிக்காத சப்புன்னு இருக்கற பேச்சுக்குத்தான் சொல்றாங்க, தொடவே தொடாதீங்க. டெட்டன் நம்ப்போட பங்காளி, சத்தத்துக்கும் வரும், வாய்ப்பேச்சுக்கு சரி.

பேலியேட்க்கு மட்டும் கொஞ்சம் நிக்கணும். லத்தீன்ல பேலியம்ன்னா மேல போத்திக்கற துணி. சீக்க எடுக்க முடியல, மேல ஒரு போர்வை போத்தி விடறோம். இங்கிலீஷ்ல இந்த வினைக்கு குத்தத்த மூடி மறைக்கறதுன்னு ஒரு கெட்ட பேரும் ரொம்ப நாளா இருந்துச்சு. லண்டன்ல சிசிலி சாண்டர்ஸ் 1967ல செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் ஆரம்பிச்சதுக்கும், அப்பறம் கனடாவுல பால்ஃபர் மவுண்ட் பேலியேட்டிவ்ங்கற பேர அந்த சிகிச்சைக்கு வெச்சதுக்கும் அப்பறம்தான் அதுக்கு மரியாத வந்துச்சு. வினையா எழுதறது அபூர்வம், பேலியேட்டிவ் கேர்னு சேத்துத்தான் வரும், அத ஒருத்தரு லெட்டர்ல போட்டீங்கன்னா கொணப்படுத்தற நோக்கத்துல இல்ல இப்பங்கற சேதி அதுல போயிரும். அதனால சும்மா வலி கொறைக்கறதுக்கு அழகா இருக்குதேன்னு போட்டுராதீங்க.

எங்க அமுச்சிக்கு, அம்மாவப் பெத்த பாட்டிக்கு, கடைசி மூணு மாசம் எலும்புல பரவுன வலி. அன்னைக்கு இங்க மார்ஃபின் மாத்திரைக்கு அலைஞ்ச அலைச்சல் இருக்குதே, 1985 போதைப்பொருள் சட்டத்துல அத்தனை லைசென்ஸு, 2014ல திருத்தம் வந்துதான் கொஞ்சம் லேசாச்சு. கெடைச்சதுக்கப்பறம் ரெண்டாவது நாளு, எப்படிங்க அமுச்சி இருக்குதுன்னு கேட்டேன். “நோவு இருக்குது கண்ணு, அங்கயேதான் இருக்குது, ஆனா என்கிட்ட வரமாட்டேங்குது”ன்னாங்க. அப்பறம் வெளிநாட்டுல பெயின் டீம்ல மார்ஃபின்ல இருக்கறவங்க கிட்ட நூறு தடவ இதையே கேட்டேன், வலி இருக்குது, என்ன தொந்தரவு பண்ணல. வலியத் தொடாம ஆளத் தொட்டிருக்குது மருந்து. என்ற மூணு சாக்குல இது எதுல போகும்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன், ஒழுங்கா எதுலயும் போகல. லெட்டர்ல அவுங்க சொன்னத அப்படியே எழுதிருவேன், வலி இருக்குதாம், ஆனா தொந்தரவு பண்ணலையாம்னு.

மருந்து எது எத்தனைங்கறது டாக்டரு சொல்றபடிதான், நான் சொன்னதெல்லாம் வார்த்தைக்கு மட்டும். பரீட்சை லெட்டரு 180ல இருந்து 200 வார்த்தைக்குள்ள முடியணும், அதுல வலி கொறைஞ்சத சொல்ல ஒரே வாக்கியம் போதும், புது வார்த்தை போட்டா மார்க்கு வரும்னு மூணு வார்த்தைய அடுக்காதீங்க. உங்க வரிய நான் எழுதறதா இருந்தா “பெயின் வாஸ் பார்ஷியலி ரிலீவ்டு வித் பாராசிட்டமால்”, பக்கத்துலயே ஏழுல இருந்து நாலுக்கு எறங்குச்சுன்னு நம்பரு, முடிஞ்சுது. அந்த நம்பருக்கு பி சத்தமா வரணுங்க. திருத்தி எழுதுனத இங்கயே போட்டு விடுங்க, ஞாயித்துக்கெழம பாக்கறேன்.